தேயிலைப் போட்டியும் சிறு விவசாயியும்

மயிலாப்பூர் தெப்பக்குளத்தருகிலும், தியாகராய நகர் கடைவீதியிலும், அடையாறு பஸ் நிலையத்திலும் டீக்கடைகளில் விடியற்காலை முதலே டம்ளர்கள் ஓய்வதில்லை. ஒரு கிலோ டஸ்ட் தேயிலையில் முந்நூறு டம்ளருக்குக் குறையாமல் டீ போடலாம். அந்த ஒரு கிலோவுக்கு நாலு முதல் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. அதைப் பறித்துக் கொடுக்கும் நீலகிரிச் சிறு விவசாயிக்கோ, ஒரு கிலோ கொழுந்துக்கு இரண்டு டம்ளர் டீயின் விலைகூடக் கிடைக்காத மாதங்கள் உண்டு. கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-ல் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தது நினைவிருக்கலாம்.

இந்த விலை குன்னூர் ஏலத்தில் மட்டும் முடிவாவதில்லை. கொழும்பிலும், கென்யாவின் மொம்பாசாவிலும் நடக்கும் ஏலங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு காலத்தில் சோவியத் யூனியன் நம் தேயிலையை ரூபாய்க் கணக்கில் ஏராளமாக வாங்கியது. 1991-ல் அந்நாடு சிதறியதும் அந்த வாடிக்கை ஆட்டம் கண்டது. 1990-களின் இறுதியில் கொழுந்து விலை சரிந்து, நீலகிரிக் குடும்பங்கள் கடனில் மூழ்கின.

இன்றைய நிலை என்ன? 2021-ல் இலங்கை அரசு ரசாயன உரத்துக்குத் தடை விதித்ததால் அங்கு விளைச்சல் குறைந்தது. 2024-ல் இந்தியா சுமார் 25 கோடி கிலோ ஏற்றுமதி செய்து இலங்கையைச் சற்றே முந்தியது. கென்யாவோ 50 கோடி கிலோவுக்கும் மேல் அனுப்பியது. எடையில் நாம் முந்தினாலும், ஏற்றுமதி வருவாயில் இலங்கையே வெகு தூரம் முன்னால் நிற்கிறது. சிலோன் டீ என்ற பெயரையும் சிங்க முத்திரையையும் அவர்கள் கட்டிக் காப்பதே இதற்கு முக்கியக் காரணம். முழுக்க இலங்கையில் விளைந்து, அங்கேயே பொட்டலமிட்ட தேயிலைக்குத்தான் அந்த முத்திரை.

கென்யாவின் பாடம் வேறு. அங்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகளே தங்கள் தொழிற்சாலைகளின் பங்குதாரர்கள். மாதந்தோறும் ஒரு தொகையும், விற்பனைக் கணக்கைப் பார்த்து ஆண்டு முடிவில் மற்றொரு தொகையும் அவர்களுக்குக் கிடைக்கிறது. நல்ல கொழுந்து கொடுத்தால் தன் பங்கு உயரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம்மிடமும் இன்கோசர்வ் இணையத்தின் கீழ் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் உள்ளன. ஆனால் இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பார்த்துப் பறித்தவருக்கும், கத்தரியால் முற்றிய இலையையும் சேர்த்து வெட்டியவருக்கும் ஒரே விலை என்றால், எவர்தான் கூலி கொடுத்து நயமாகப் பறிப்பார்? விவசாயியைக் குறை கூறுமுன் இதைத் திருத்த வேண்டும். கொழுந்தின் தரம் பார்த்து விலை கொடுக்கும் முறையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளே முதலில் தொடங்க வேண்டும். ஏல விலையும் விவசாயியின் பங்கும் மாதந்தோறும் தொழிற்சாலை வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். மறு ஏற்றுமதிக்கென்று இறக்குமதியாகும் மலிவுத் தேயிலை உள்நாட்டுச் சந்தையில் கலக்காதபடி தேயிலை வாரியம் கண்காணிக்க வேண்டும்.

விவசாயிக்கும் கடமை உண்டு. பறிப்பு இடைவெளியைத் தள்ளிப்போட்டு எடையைக் கூட்டுவது அன்றைக்கு லாபம் போலத் தோன்றும். தரம் குறைந்த தூள் ஏலத்தில் தேங்கும்போது, அடுத்த மாத விலையில் அந்த லாபம் கரைந்துவிடும்.

இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நாமே குடிக்கிறோம். ஆகவே மொம்பாசாவை வெல்வதற்கு முன், மயிலாப்பூர் டீக்கடைக்காரர் நீலகிரித் தூளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும்படி செய்ய வேண்டும். வீட்டுச் சந்தையை நம்பிக்கையாகப் பிடித்தவனுக்கே வெளிச் சந்தையில் பேரம் பேசும் பலம் இருக்கும்.