விடியுமுன் அடிக்கும் பள்ளி மணி

மேல்நாடுகளில் வசந்தம் பிறந்தவுடன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதும், இலையுதிர் காலம் வந்ததும் அதைப் பழைய நிலைக்குத் திருப்புவதுமான வழக்கத்தைப் பற்றிய செய்திகள் ஆண்டுக்கு இருமுறை பத்திரிகைகளில் வெளியாகும்போதெல்லாம், அந்த ஏற்பாடு நமக்கும் அனுகூலமாகாதா என்ற கேள்வியும், அதற்கு நேர்மாறாக, 1981-ஆம் ஆண்டின் கடைசி இரவு வரை தீபகற்ப மலேசியாவில் வழங்கிவந்த பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டால் என்ன என்ற கேள்வியும் நம்மவர் பேச்சில் தலைகாட்டுவதுண்டு. இவ்விரண்டில் எதையும் அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. பகல் வெளிச்சத்தில் நம் ஜனங்களுக்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்ற ஒரே கவலைதான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. ஆனால் ஜோகூரில் வாழ்கிறவன் என்ற முறையில் யோசித்துப் பார்க்கையில், கடிகார முள்ளில் கை வைப்பதைக் காட்டிலும் அவசரமான காரியம் வேறொன்று நம் முன்னே இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பூகோளத்தைப் பார்ப்போம். லண்டன் நகரில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட நிறைவதில்லை. கோடையில் மனிதர் கண் விழிப்பதற்கு வெகு நேரம் முன்பே உதித்துவிடும் சூரியனின் வெளிச்சம் வீணாகிறதே என்று மனம் வருந்திய வில்லியம் வில்லட் என்ற கட்டடத் தொழிலதிபர், 1907-இல் ஒரு சிறு பிரசுரத்தை எழுதி வெளியிட்டார். அவர் காலமான மறு ஆண்டில், அதாவது 1916-இல், யுத்த நெருக்கடியின் காரணமாக ஜெர்மனியும் அதைத் தொடர்ந்து பிரிட்டனும் அந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஜோகூர் பாருவோ பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருப்பது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய பத்து நிமிஷந்தான். கோடையில் மிச்சம் பிடித்துச் சேமிக்கத்தக்க வெளிச்சம் நம்மிடம் இல்லாதபோது, பருவத்துக்குப் பருவம் கடிகாரத்தை மாற்றும் யோசனைக்கு இங்கே ஆதாரமே இல்லாமற் போகிறது.

ஆயினும், முன்னே தள்ளப்பட்ட கடிகாரத்தோடுதான் நாம் நிரந்தரமாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. ஜோகூர் பாருவின் தீர்க்கரேகைப்படி இங்கே இயற்கையாக அமைய வேண்டிய நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிஷம் முற்பட்டது. நாம் கடைப்பிடிப்பதோ 8 மணி நேரம் முற்பட்டது. எனவே, நம் சுவர்க் கடிகாரம் நம் சூரியனைவிட ஒரு மணி ஐந்து நிமிஷம் முன்னே ஓடுகிறது. இந்த இடைவெளி ஒரே நாளில் ஏற்பட்டதன்று. 1905 ஜூன் முதல் தேதி, உள்ளூர்ச் சூரிய நேரத்தை விட்டு 7 மணி நேரம் என்ற முழு எண்ணுக்கு வந்தோம். 1920-இல் கவர்னர் சர் லாரன்ஸ் கில்லமார்ட் மேலும் அரை மணி நேரம் கூட்டலாம் என்று பிரஸ்தாபித்தபோது அதற்குப் போதிய ஆதரவு கிட்டவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சட்டசபை அங்கத்தினர் சர் அர்னால்ட் ராபின்சன் அதையே 20 நிமிஷமாகக் குறைத்துக் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1933 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிஷம் கூடிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தையே நம்மீது சுமத்தினார்கள். அந்த மூன்றரை ஆண்டுக் காலத்தில் நம் வானத்துச் சூரியன் கடிகாரப்படி எட்டு மணி வாக்கில் உதித்தது. யுத்தம் முடிந்து ஏழரை மணிக் கணக்குக்குத் திரும்பிய தீபகற்பம், சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்தைக் கொள்ள வேண்டும் என்று மகாதீர் முகம்மது அரசாங்கம் தீர்மானித்ததன் பேரில், 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கே நள்ளிரவை அடைந்து, புத்தாண்டுக்குள் அரை மணி நேரம் முன்னதாகப் பிரவேசித்தது. சிங்கப்பூரும் அதையே பின்பற்றியது.

சபாவின் கீழ்க்கரையிலுள்ள சண்டாக்கானுக்கு இந்த எட்டு மணிக் கணக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அங்கே ஆறு மணி வாக்கில் பொழுது விடிந்துவிடும். நமக்குத்தான் நவம்பரில் 6.46-க்கும், பிப்ரவரியில் 7.17 வரை தாமதித்தும் சூரியோதயம் ஆகிறது. தேசிய ஒருமைப்பாட்டுக்காக நாம் கொடுத்த விலை இது. கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. அந்த விலையை யார் எவ்வளவு செலுத்துகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆகையால் இருள் பிரியாத வேளையில் பெரட்டுக்களத்தில் கூடி, கங்காணி பேர் கூப்பிட்டு முடித்தவுடன் வாளியும் உளியுமாக நிரைக்குள் இறங்கிய நம் முன்னோரின் வேலைநேரத்தை நிர்ணயித்தது சூரியனே. கடிகாரம் இருபது நிமிஷம் முன்னே போனாலென்ன, அரை மணி போனாலென்ன, மரம் அதை அறியாது. அன்று சட்டசபையில் பேசப்பட்ட மாலை வெளிச்சத்தின் பயன், ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டு விளையாட்டு மைதானத்துக்குப் போகக்கூடியவர்களுக்கே உரியதாயிருந்தது. தோட்டத் தொழிலாளியின் வேலை சூரியனோடு நின்றுவிட, அவர் பிள்ளையின் பள்ளிக்கூடம் மட்டும் கடிகாரத்தோடு முன்னே போயிற்று. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, நம் குடும்பங்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் குடிபெயர்ந்தபோது தொழிலாளியும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவரானார். இன்று தகப்பனும் பிள்ளையும் சேர்ந்தே இருட்டில் புறப்படுகிறார்கள்.

இந்த ஒரு மணி நேர இடைவெளியை நம் வீடுகளில் வேறொரு வகையிலும் காணலாம். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம் என்று மனப்பாடமாகச் சொல்கிறோமே, அது ஆறு மணிக்குச் சூரியோதயம் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஜோகூரில் ஏழு மணிக்கு உதயமாகும் நாளில் அது எட்டரைக்குத் தொடங்கிப் பத்து வரை செல்ல வேண்டும் என்பதைச் சாஸ்திரம் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். பள்ளிவாசலின் தொழுகை நேரங்கள் நாள்தோறும் சூரியனைப் பின்பற்றியே கணிக்கப்படுகின்றன. வழிபாட்டுக்குச் சூரியனை அனுசரிக்கும் நாம், குழந்தைகளின் உறக்கத்துக்கு அந்த மரியாதையைத் தரவில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனின் காலைப் பொழுதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டுகிறேன். நம் பள்ளிகள் பல, தோட்டம் கலைந்த பிறகும் பழைய இடத்திலேயோ அதற்கு அருகிலேயோ நிற்கின்றன. பிள்ளைகளோ பல மைல்களுக்கு அப்பாலுள்ள தாமான்களிலிருந்து வேனில் வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகளில் நின்று நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும் வேனில் முதலில் ஏறுகிற குழந்தை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. சூரியக் கணக்கில் அது ஐந்து மணிகூட ஆகாத வேளை. வாய்க்குள் போன ரொட்டித் துண்டை மெல்லாமலே, முதுகில் பையோடு கதவோரம் சாய்ந்தபடி தூங்கும் அந்த ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையின் வெள்ளைச் சட்டை மட்டுமே வேனின் முகப்பு விளக்கில் தெரிகிறது. சபைக்கூடலுக்கு மணி அடிக்கும் ஏழரை, அவன் உடம்புக்கு ஆறு மணி இருபத்தைந்து நிமிஷம். வளரிளம் பருவத்தினரின் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இலேயே பரிந்துரைத்திருக்கிறது; கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் தன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, 2026 முதல் நம் பள்ளியாண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆண்டிலேயே மிகத் தாமதமாகப் பொழுது விடியும் வாரங்களில்தான், பள்ளியை முதன்முதலாகப் பார்க்கிற குழந்தைகள் இனி இருட்டில் கிளம்பப் போகிறார்கள்.

அப்படியானால் பழைய நேரத்துக்கே திரும்பலாமே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அது ஜோகூரால் ஆகக்கூடிய காரியமன்று, ஆனாலும் நமக்கு நன்மையன்று. நாட்டின் பொது நேரம் நாடாளுமன்றச் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. தினந்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வரும் லட்சக்கணக்கானோரின் பிழைப்பு இரு கரையிலும் ஒரே நேரம் இருப்பதைச் சார்ந்திருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ரயில் ஓடத் தொடங்கினால் இந்தப் பிணைப்பு இன்னும் இறுகும். இரு நேரம் நிலவும் ஒரு தேசத்தின் அவதியை நம்மவர் ஏற்கெனவே இலங்கையில் கண்டிருக்கிறார்கள். 1996-இல் மின்சாரப் பற்றாக்குறையை முன்னிட்டுக் கொழும்பு அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணி முன்னே தள்ளி, சில மாதங்களில் அரை மணியாகக் குறைத்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்துவிட்டன. ஒரே தீவுக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணி மாறிற்று. பத்தாண்டுகள் கழித்து, 2006 ஏப்ரலில், இலங்கை மீண்டும் ஐந்தரை மணிக் கணக்குக்கே திரும்பியது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் எழுந்து அவதிப்படுவது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆகவே, கடிகாரம் இருக்கிறபடியே இருக்கட்டும். பள்ளி மணி எட்டு மணிக்கு அடிக்கட்டும் என்பதே என் வாதம். நேர அமைப்பை மாற்றுவது ஜோகூருக்குப் புதிதன்று. 2014 ஜனவரி முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாயிருந்த பதினோரு ஆண்டுகளில், சிங்கப்பூரில் வேலை செய்த தகப்பனுக்குச் சனி, ஞாயிறு ஓய்வு என்றும், ஜோகூரில் படித்த பிள்ளைக்கு வெள்ளி, சனி ஓய்வு என்றும் பிரிந்து, வாரத்தில் ஒரு நாள் மட்டுமே குடும்பம் ஒன்றாக இருக்க முடிந்தது. அந்தக் குறையும் உணரப்பட்டு, 2024 அக்டோபரில் இடைக்காலச் சுல்தான் துங்கு இஸ்மாயிலின் அறிவிப்பு வெளியாகி, 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பிற்று. ஒரு மாநிலம் முழுவதும் தன் வாரத்தையே இருமுறை மாற்றி அமைத்துக்கொள்ள முடிந்திருக்கையில், பள்ளியின் முதல் மணியை அரை மணி நேரம் தள்ளி வைப்பது அசாத்தியம் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஆட்சேபனைகள் இருக்கின்றன, அவை நியாயமானவை. இருவேளைப் பள்ளிகளில் காலை வகுப்பைத் தள்ளினால், மாலை வகுப்பு முடிய ஏழு மணியாகி, நவம்பரில் அஸ்தமனத்துக்குப் பிறகே பிள்ளைகள் வெளிவர நேரும். அங்கே போதிய வகுப்பறைகள் கட்டப்பட்டு ஒருவேளைப் பள்ளியாகும் வரை இந்த மாற்றம் வேண்டாம். ஜோகூரில் முஸ்லிம் குழந்தைகள் பிற்பகலில் மாநில அரசின் சமயப் பள்ளிக்குச் செல்வதால், அந்த நேரத்தையும் கலந்தாலோசித்தே எதுவும் செய்ய வேண்டும். ஆனால் நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை காலை ஒருவேளை மட்டுமே நடப்பவை. அவற்றிலாவது முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை பரீட்சார்த்தமாக எட்டு மணித் தொடக்கத்தை அனுமதிக்கும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மாநிலக் கல்வி இலாகாவுக்கு மனுச் செய்ய வேண்டும். பாலத்தைக் கடக்க ஐந்து மணிக்கே புறப்படும் தாய் தகப்பனாருக்கு எட்டு மணிப் பள்ளி சங்கடமாகும் என்பது எனக்குத் தெரியாததன்று. அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளி மண்டபம் இப்போதுபோலவே ஆறரைக்குத் திறந்து, விளக்கெரிந்து, பொறுப்பான ஒருவரின் பார்வையில் இருக்கட்டும். வீட்டில் தூங்கக்கூடிய மற்றப் பிள்ளைகள் தூங்கட்டும். ஒருவருக்குக் கொடுக்கும் சிறு ஊதியமும் அந்த மண்டபத்தின் மின்கட்டணமுமே இதற்கு ஆகும் செலவு. அதைப் பெற்றோர் தலையில் போடாமல் கல்வி அமைச்சே ஏற்க வேண்டும்.