பளபளக்கும் பழைய கார்களில் இல்லாத ஒன்று

எமது நாட்டில் பழைய கார்களுக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழிதிறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இந்த ஐந்தாண்டு இடைவெளியில், கொல்லைப்புறத்துக் கொட்டிலில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த மொரிஸ் மைனரைத் தேடியும் ஆட்கள் வந்தார்கள். ஒஸ்ரின் சோமசெற், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்று தாத்தா காலத்துப் பெயர்கள் எல்லாம் திரும்பவும் புழக்கத்துக்கு வந்தன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஒரு பொருளைத் தூக்கி எறியாமல் பேணிக்காப்பது நல்ல பண்பு. 1990களில் மொரிஸ் மைனரின் உடற்தகடுகளைக் காலிப் பகுதியில் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பிய நாடு இது. அந்தக் கைத்திறன் எமக்குப் பெருமை.

ஆனால் இந்தக் கார்களின் உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படுகிறது. குரோம் பூச்சுக்கும், தோல் இருக்கைக்கும், பழைய மாதிரி வானொலிக்கும் இலட்சக்கணக்கில் செலவு செய்தவர், ஒரு தீயணைப்பானுக்குச் செலவு செய்திருக்க மாட்டார். செய்திருந்தாலும் அது டிக்கியில், உதிரிச் சில்லுக்கு அடியில், வாங்கிய நாளின் பொலித்தீன் உறையோடு கிடக்கும். கேட்டால், “அறுபது வருஷமாக எரியாத கார் இனியா எரியப் போகிறது?” என்று சிரிப்பார்கள்.

அறுபது ஆண்டு எரியாமல் இருந்தது இனியும் எரியாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. அறுபது ஆண்டு ஆன இறப்பர் குழாயும் மின்கம்பியுமே எரிவதற்கான காரணங்கள். 1952க்குப் பின் மைனரில் பொருத்தப்பட்ட ஏ-வரிசை இயந்திரத்தைக் கவனியுங்கள். எரிபொருட் கலவை உள்ளே போகும் வழியும், எரிந்த புகை வெளியேறும் வழியும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் உள்ளன. காபரேற்றரில் இருந்து பெற்றோல் கசிந்தால் அது கொதிக்கும் இரும்பின் மீதோ அதன் அருகிலோதான் விழும். மின்சாரத்தால் இயங்கும் எஸ்.யூ. பம், சாவி திறந்திருக்கும்வரை, இயந்திரம் நின்றாலும் பெற்றோலை அனுப்பிக்கொண்டே இருக்கக்கூடும். மைனரில் இருப்பவை இரண்டே இரண்டு பியூஸ்கள். முன்விளக்குகளுக்குப் போகும் கம்பிக்கு அதுவும் இல்லை. இவை அந்தக் காலத்து வழமை. குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

வடபகுதியில் இதனோடு வேறொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணிற் காண முடியாத பொருளானபோது, இந்த ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றவை இந்தக் கார்கள். அந்த மதிநுட்பத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் அந்த நெருக்கடியில் கைவைத்தியமாகச் செய்தவை சில, நெருக்கடி தீர்ந்த பின்னரும் தங்கிவிட்டன. முறையான எரிபொருட் குழாய்க்குப் பதில் ஏதோ ஒரு பிளாஸ்ரிக் குழாயும், கவ்விக்குப் பதில் கம்பிச் சுற்றும் இன்றும் சில பொனட்டுகளின் கீழ் இருக்கின்றன. மண்ணெண்ணெய் பற்றுவதற்குச் சற்றுச் சூடு வேண்டும். பெற்றோலின் ஆவியோ பூச்சியத்துக்குக் கீழ் நாற்பது பாகைக் குளிரிலும் பற்றும். மண்ணெண்ணெய் மன்னித்த தவறுகளைப் பெற்றோல் மன்னிக்காது.

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். தீயணைப்பான் எதற்காக? காரைக் காப்பதற்கு என்பதே பெரும்பாலோர் எண்ணம். அந்த எண்ணத்தில் இருந்துதான் எல்லாப் பிழைகளும் தொடங்குகின்றன. இன்று பழைய கார்கள் அதிகம் ஓடுவது கல்யாண வீடுகளுக்கு. இரண்டு கதவு மைனரின் பின்னிருக்கையில், கூறைச் சேலையும் மாலையுமாக மணமகளும், பக்கத்தில் மாப்பிள்ளையும், சில வேளை நடுவில் ஒரு குழந்தையும். அவர்களுக்கெனக் கதவு இல்லை. முன்னிருக்கையில் இருப்பவர் இறங்கி, இருக்கையை மடித்த பிறகே அவர்கள் வெளியேற முடியும். அந்த அரை நிமிடத்தையோ ஒரு நிமிடத்தையோ வாங்கித் தருவதற்குத்தான் தீயணைப்பான். கார் பிழைத்தால் அது இலாபம். இப்படி எண்ணிப் பார்த்தால் எதை வாங்குவது, எங்கே பொருத்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தானாக வரும்.

முதலில் எதை வாங்குவது. தூள் வகை கூடாது, அது காரைப் பாழாக்கிவிடும் என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் முதல் வாதம். அதில் உண்மை உண்டு. ஏ.பி.சி. தூளில் இருக்கும் அமோனியம் பொஸ்பேற்று ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். கடற்காற்று வீசும் எமது ஊர்களில் அது இன்னும் விரைவு. ஆனால் சிறிய உருளையிலிருந்து பெற்றோல் தீயை மிக வேகமாக அடக்குவது தூள்தான். இருக்கைத் துணியும் தென்னந்தும்பும் பற்றினாலும் அது பயன்படும். அரித்த காபரேற்றரை மாற்றலாம். ஆகவே என் பரிந்துரை 2 கிலோ ஏ.பி.சி. தூள். இடம் போதாவிட்டால் 1 கிலோ. 1 கிலோ உருளை பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஐரோப்பிய நியமப்படி செய்தவற்றில் 34பி, 70பி என்று எண்கள் இருக்கும். அணைத்துக் காட்டிய சோதனைத் தீயில் எத்தனை லீற்றர் திரவம் இருந்தது என்பதே அந்த எண். எண் பெரிதானால் வலிமையும் பெரிது.

நுரை வகையும் பெற்றோலுக்கு நல்லது. மேற்பரப்பை மூடி மறுபடி பற்றாமல் தடுக்கும். புளோரின் சேராத நுரை கிடைத்தால் அதையே கேளுங்கள். காபனீரொட்சைட்டு உருளை பாரமானது. வாயுவை வெளிக்காற்று கலைத்துவிடும். மூடிய காருக்குள் அடித்தால் மூச்சுக்கும் ஆபத்து. கறை படியாத ‘சுத்தமான வாயு’ வகைகள் விலை கூடியவை. வசதியுள்ளவர் தூளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு பொருள்களை அறவே தவிர்க்க வேண்டும். பழைய சாமான் கடைகளில் வரும் பச்சை நிற பி.சி.எஃப். உருளை ஒன்று. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உற்பத்தி கைவிடப்பட்ட ஹேலோன் அது. மற்றது, கண்காட்சிகளில் அழகுக்கென்று மாட்டிவைக்கும் பித்தளைக் கைப்பம்பு. அதனுள் அக்காலத்தில் ஊற்றியது காபன் நாற்குளோரைட்டு. தீயின் வெப்பத்தில் அதிலிருந்து, முதலாம் உலகப் போரில் படையினரைக் கொன்ற பொஸ்ஜீன் வாயு பிறக்கும். பித்தளை அழகாக இருக்கிறது என்றால் உள்ளே ஒன்றும் இல்லாமல் வைத்திருங்கள்.

அடுத்தது பொருத்துவது. டிக்கி உகந்த இடம் அல்ல. மைனரின் பெற்றோல் தாங்கி இருப்பதே டிக்கியின் கீழ்தான். பொனட்டுக்குள் வைப்பது அதைவிட மோசம். சாரதி இருக்கையில் இருந்தபடி கைநீட்டினால் எட்ட வேண்டும். கதவைத் திறந்து வெளியே நின்றும் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இடப்பக்க முன்னிருக்கைக்கு முன்னே, தரையில் குறுக்காகப் பொருத்துவது பெரும்பாலான பழைய கார்களுக்குப் பொருந்தும். அந்த இருக்கை மடிவதற்கு அது தடையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னிருக்கைக்காரரின் வழி அது.

தாங்கி உலோகத்தால் ஆனதாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் கவ்வி எமது வெயிலுக்குத் தாங்காது. இறுக்கிப் பிடிக்காத 2 கிலோ உருளை, சடுதியாகப் பிரேக் அடிக்கும்போது பெடல்களின் கீழ் உருண்டு போனால் தீயைவிடப் பெரிய ஆபத்து அதுவே. துரு ஏறிய தகட்டில் வெறும் திருகாணியை முறுக்கிவிட்டுப் போவதும் வேலை அல்ல. தகட்டின் அடிப்புறம் அகன்ற வாசரோ இரும்புப் பட்டையோ வைத்து, போல்ற் போட்டு இறுக்க வேண்டும். துளையிடுவதற்கு முன் காரின் அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். மைனரில் பிரேக்கின் பிரதான உருளை சாரதியின் காலடித் தரைக்குக் கீழ்தான் இருக்கிறது. பிரேக் குழாய், பெற்றோல் குழாய், மின்கம்பி எங்கே போகின்றன என்று தெரியாமல் துளைபோடுபவர், தீயணைப்பான் மாட்டப் போய்த் தீக்கு வழிவைத்தவர் ஆவார். துளைத்த விளிம்புக்குத் துருத்தடுப்பு வர்ணம் பூசுங்கள்.

தரையில் துளையிட்டால் காரின் அசல் தன்மை கெட்டுவிடும் என்கிறார்கள் சிலர். இருக்கை பொருத்திய போல்ற்றுகளையே பயன்படுத்தி ஒரு பட்டையைக் குறுக்கே இட்டு, அதில் தாங்கியை மாட்டினால் ஒரு துளையும் வேண்டியதில்லை. அதற்கும் மனமில்லாதவரிடம் ஒன்றுதான் கேட்கலாம். முற்றாக எரிந்த காரில் எந்த அசலைப் பேணப் போகிறீர்கள்?

மாட்டியதோடு கடமை முடிவதில்லை. அளவுமுள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வண்டியின் அதிர்வில் தூள் அடியில் இறுகிவிடும். கழற்றித் தலைகீழாகப் பிடித்து, தூள் நகர்வதை உணரும்வரை குலுக்கி மீண்டும் மாட்டுங்கள்.

தீ வந்துவிட்டால் ஒழுங்கு இதுதான். காரை ஓரமாக நிறுத்திச் சாவியைப் பூட்டுங்கள். பெற்றோல் பம் அதோடு நிற்கும். எல்லோரையும் இறக்குங்கள். அதன் பிறகே உருளையைத் தொடுங்கள். புகைவரும் பொனட்டை அகலத் திறப்பது தீக்குக் காற்று ஊட்டுவதாகும். சற்றே நெம்பி அந்த இடுக்கு வழியாகவோ, முன் வலை வழியாகவோ, அடியிலிருந்தோ அடியுங்கள். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெருவோர மணல் மேல். உருளை தீர்ந்தும் தீ அணையவில்லையானால் காரை விட்டு விலகுங்கள். எந்தக் காரும் அதற்கு மேல் பெறுமதி உடையது அல்ல.

பெல்ஜியம், போலந்து, கிரேக்கம் போன்ற நாடுகளில் சாதாரணக் காரிலேயே தீயணைப்பான் இருக்கவேண்டும் என்பது சட்டம். எமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய கார்ச் சங்கங்கள் தமது அணிவகுப்புகளுக்கு, எட்டும் தூரத்தில் தீயணைப்பான் இல்லாத காரைச் சேர்க்காமல் விடலாம். கல்யாணத்துக்குக் கார் பிடிக்கும் பெற்றோர், பூச்சரம் என்ன நிறம் என்று கேட்கும் அதே மூச்சில் தீயணைப்பான் எங்கே என்றும் கேட்கலாம். வீடு எரியும்போது கிணறு வெட்டுவது பற்றி எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஓடும் காருக்குள் கிணறு வெட்ட இடமில்லை. ஒரு சிறிய உருளைக்கு இடம் உண்டு.