‘ஏலாது’ என்று சொன்னால் நம்ப ஏலாதா?

அலவத்துகொட டவுனில் மாத்தளை பஸ்ஸுக்கு நிற்கும் வயசானவர்களிடம் சுகம் விசாரித்துப் பாருங்கள். ‘மேலுக்கு ஏலாது மகன்’ என்பார்கள். படியேற ஏலாது, முந்தி மாதிரி வேலை செய்ய ஏலாது என்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் நோய்க்கும் இயலாமைக்கும் ஒரே சொல்தான். அரசாங்கத்தின் கணக்கில் அப்படி இல்லை. அங்கே நோயாளி வேறு, அங்கவீனர் வேறு. புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, உயிர் தப்பி, ஆனால் பழைய உடம்பு திரும்பக் கிடைக்காதவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் குழுவில் ஒருத்தியின் சாச்சி வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்தவர். மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச்சிகிச்சை எல்லாம் அரச வைத்தியசாலையில் இலவசமாகவே நடந்தன. அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை, இந்த நாட்டின் இலவச சுகாதாரம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் கக்கத்தில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு வலது கை வீங்கத் தொடங்கியது. கீமோவுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போய், ஊசியைப் பிடித்தாலும் பிடித்தது தெரிவதில்லை. பத்து நிமிஷம் மெஷினில் இருந்தால் அரை மணி நேரம் படுக்க வேண்டும். ‘நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வாங்க’ என்கிறது கிளினிக். நல்ல செய்திதான். வருமானம் மட்டும் திரும்பி வரவில்லை.

அங்கவீனர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க நாங்கள் இரண்டு பேர் துணைக்குப் போனோம். எந்த அலுவலகம், எந்த உத்தியோகத்தர் என்பது இங்கே முக்கியமில்லை, எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறோம். அவர் சாச்சியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கை, கால், கண் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ‘ஆள் நல்லாத்தானே இருக்கிறீங்க. இது நோய், அங்கவீனம் இல்லையே’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதல் போலத்தான் சொன்னார். சாச்சியும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ‘கைய வெட்டி எடுத்திருந்தா தந்திருப்பாங்களா மகள்?’

இந்தக் கேள்விக்கு சட்டத்தில் பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம். இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கையில் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். உடல் அல்லது உள ஆற்றலில் ஏற்பட்ட குறைபாட்டால், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர்தான் இயலாமையுடையவர் என்று அது வரையறுக்கிறது. அந்தக் குறைபாடு பிறப்பிலேயே வந்ததா, பிறகு வந்ததா என்பது பொருட்டில்லை. உறுப்பு இல்லாமல் போயிருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. ‘பகுதியாகவோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் ஊர் ‘ஏலாது’வைத்தான் சட்டமும் தன்னுடைய பாஷையில் சொல்லியிருக்கிறது. இலங்கை 2007இல் ஒப்பமிட்டு 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயமும் இப்படித்தான்: நீண்டகாலக் குறைபாட்டோடு வாழும் ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வாழ முடியாமல் தடுக்கப்படுகிறாரா என்று பார்க்கிறது. சமூகப் பாதுகாப்பு அவருடைய உரிமை என்று அதன் 28ஆம் உறுப்புரை சொல்கிறது.

அப்படியென்றால் கோளாறு எங்கே? பழக்கத்தில் இருக்கிறது. ‘அங்கவீனம்’ என்ற சொல்லே அங்கம் ஒன்று குறைந்திருப்பதைத்தான் தேடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கண்ணும் அதைத்தான் தேடுகிறது. வீங்கிய கையை முந்தானை மறைத்துவிடும். களைப்பை யாரும் போட்டோ எடுக்க முடியாது.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். அஸ்வெசுமவின் கீழ் வருமானம் குறைந்த இயலாமையுடையோருக்கு மாதம் 7,500 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாகியது. சிறுநீரக நோயாளிகளுக்கும் அதே தொகை. புற்றுநோய்க்கு அப்படித் தனி வகை கிடையாது. மாகாண சமூக சேவைத் திணைக்களங்கள் நோய் உதவி என்று சின்னத் தொகை ஒன்று கொடுப்பதுண்டு, அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. நிரந்தரத் தொழில் பார்த்தவருக்காவது ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, முழுதாக வேலை செய்ய முடியாமல் போனால் அந்தப் பணத்தை எடுக்கலாம். வீட்டில் தைத்தவருக்கும், கராம்பு பறிக்க மரமேறியவருக்கும், நாள் கூலிக்கு மூட்டை தூக்கியவருக்கும் எந்த நிதி இருக்கிறது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சிறுநீரக நோயாளிக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ரஜரட்டை விவசாயிகள் எத்தனையோ பேரைப் பறிகொடுத்த பிறகுதான் அந்த நோய் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. எங்கள் கேள்வி வேறு: ஒவ்வொரு நோயும் இப்படித் தனித்தனியாகச் செத்துச் செத்துத்தான் பட்டியலில் ஏற வேண்டுமா?

பட்டியல் போட்டால் யாராவது ஒருவர் வெளியில் நிற்கத்தான் செய்வார். இந்தியாவைப் பாருங்கள். அங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டம் இயலாமை வகைகளை 21 ஆகக் கூட்டியது. தலசீமியா உள்ளே வந்தது, புற்றுநோய் வரவில்லை. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வேறு வழியில் போனது: புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்தே ஒருவர் இயலாமையுடையவராகக் கருதப்படுவார், வேலையிடத்தில் அவரை ஒதுக்க முடியாது. ஆனால் உதவிப்பணம் என்று வரும்போது அங்கேயும் நோயின் பெயர் மட்டும் போதாது. சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளிலும் மனிதர்கள் அலைக்கழிக்கப்படுகிறார்கள் என்பது லண்டனில் சொந்தக்காரர் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது சரியான கேள்வி. எங்கள் ஊரில் சாச்சியிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவேயில்லை.

‘எல்லோருக்கும் கொடுத்தால் நாடு தாங்குமா? பொய் சொல்லி எடுப்பார்களே?’ என்று கேட்பவர்கள் எங்கள் பட்ச்சிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். புற்றுநோயை விட அதிகமாகக் காகிதம் சேரும் நோய் எது? பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன், கிளினிக் புத்தகம், கீமோ எத்தனை தரம் ஏற்றியது என்ற கணக்கு, எல்லாம் அரச வைத்தியசாலையின் முத்திரையோடு இருக்கின்றன. பத்தாயிரம் ரூபாவுக்காக இத்தனையையும் எவர் போலியாகச் செய்வார்? பொருளாதாரம் விழுந்த பிறகு 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டிலேயே சமூகப் பாதுகாப்புக்கு இவ்வளவாவது செலவழிக்க வேண்டும் என்று கீழெல்லை வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘காசில்லை’ என்பது முழுப் பதிலாகாது. இருக்கிற காசு யார் கண்ணில் படுகிறவருக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

இனி எங்களைப் பற்றியும் பேச வேண்டும். அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நேர்மையில்லை.

அலவத்துகொட, அக்குறணைப் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் ஊர் கைவிடாது. ஜும்ஆ முடிய அறிவிப்பு வரும், வட்ஸ்அப்பில் மருத்துவ அறிக்கையும் வங்கிக் கணக்கு இலக்கமும் சுற்றும், வெளிநாட்டிலிருந்து காசு வரும். தோட்டத்தில் என்றால் கோயிலிலும் லயத்திலும் சேர்ப்பார்கள். ஒப்பரேஷனுக்கு லட்சக்கணக்கில் சேர்ந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனால் இதெல்லாம் உயிருக்கு ஆபத்து இருக்கும் வரைக்கும்தான். முடி திரும்ப முளைத்து, கலியாண வீட்டில் ஆளைக் கண்டுவிட்டால் ஊருக்கு அது முடிந்த கதை. மூன்றாவது வருஷம் கிளினிக் போக பஸ் காசு இல்லை என்று யாரும் அறிவிப்புச் செய்வதில்லை. வாயில் புற்றுநோய் வந்து கதிர்ச்சிகிச்சைக்குப் பிறகு ஒரு விரல் அளவுக்குத்தான் வாய் திறக்கும் என்ற ஒரு மாமா, கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார். இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். அப்படியென்றால் இப்படி எத்தனை ஒழுங்கைகள் இருக்கும்!

அந்த மாமாவிடம் கொடுப்பனவைப் பற்றிச் சொன்னபோது, ‘எனக்கு என்னத்துக்கு அங்கவீனப் பேர்? வீட்டில் குமர் இருக்குது’ என்றார். இதுவும் எங்களுடைய குற்றம்தான். ஒரு பட்டியலில் பேர் வந்தால் மகளின் கலியாணம் குழம்பும் என்று ஒருவரைப் பயப்பட வைத்தது அரசாங்கம் இல்லை, நாங்கள். தருமம் வாங்குவதில் வராத வெட்கம் உரிமையைக் கேட்பதில் ஏன் வருகிறது? தருமம் கொடுப்பவரின் மனசு இருக்கும் வரைக்கும் வரும். உரிமை என்றால் மாதா மாதம் வர வேண்டும், வராவிட்டால் ஏன் என்று கேட்கலாம்.

பேராதனையில் நாங்கள் சமூக நலன் அரசு பற்றிப் பதினைந்து புள்ளிக் கேள்விக்கு விடை எழுதுகிறோம். ஒரு படிவத்தோடு வரிசையில் நின்ற அந்த ஒரு காலையில்தான் பாடம் விளங்கியது. ஆகவே எங்கள் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

நோயின் பெயரையும் உறுப்பின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, ஆள் என்ன செய்ய முடியாமல் இருக்கிறார் என்று படிவம் கேட்கட்டும். சிகிச்சை முடித்து அனுப்பும்போதே புற்றுநோய் கிளினிக்கிலிருந்து அதை எழுதிய கடிதம் ஒன்று நோயாளியின் கையில் கிடைக்கட்டும். சிலருக்கு உடம்பு தேறும், சிலருக்குத் தேறாது. தேறும் வரைக்கும் என்று ஒன்றிரண்டு வருஷத்துக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் பார்க்கலாம், அதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. ‘இல்லை’ என்று சொல்வதானால் காரணத்தை எழுத்தில், தமிழில் தர வேண்டும்.

சட்டம் மாறும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரோடு நீங்கள் போங்கள். படிவத்தில் ‘புற்றுநோய்’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். எந்தக் கையைத் தூக்க ஏலாது, எத்தனை நிமிஷம் நிற்க ஏலாது, எந்தத் தொழில் செய்தவர், இப்போது ஏன் செய்ய ஏலாது என்று எழுதுங்கள். வாயால் ‘இல்லை’ என்றால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள், தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். அஸ்வெசும முடிவு என்றால் மேன்முறையீடு செய்யுங்கள்.

சாச்சியின் விண்ணப்பத்தை இந்த மாதம் திரும்பவும் கொடுக்கிறோம். இந்தத் தரம் முதல் வரியில் ‘தையல் தொழில். வலது கையால் ஊசி பிடிக்க ஏலாது’ என்று எழுதியிருக்கிறோம். உத்தியோகத்தர் அதை வாசிக்கும் வரைக்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கப்போகிறோம்.