பிரசவத்துக்கு இலவசம்

ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் என்னால் ரசிக்க முடியாது. பெண்களை மட்டம்தட்டும் வாசகங்கள் இன்னும் சென்னைத் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்று எழுதிய வண்டி சிக்னலில் முன்னால் நின்றால், பச்சை விழுந்த பிறகும் என் கண் அதிலேயே இருக்கும். சில வண்டிகளில் அந்த வரிக்குக் கீழே கைபேசி எண்ணும் இருக்கும். அந்த எண்தான் முக்கியம். பொன்மொழி எழுதுவதற்குச் செலவு கிடையாது. இதுவோ, நடுராத்திரியில் முன்பின் தெரியாதவர் கூப்பிட்டாலும் வருகிறேன் என்ற வாக்கு. அதுவும் வண்டி வாடகை, கேஸ், போலீஸ் அபராதம் எல்லாம் போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துகிறவர் கொடுக்கும் வாக்கு! தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-இல். அது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. அதற்கு 13 வருடம் முன்னால், 1995-இல் வந்த ‘பாட்ஷா’ படத்தின் ஆட்டோக்காரர் பாட்டிலேயே இந்த வாக்கு இடம்பிடித்துவிட்டது. மீட்டருக்கு மேல் கேட்டால் சண்டை போடுகிறோம், போடத்தான் வேண்டும். அதே வாயால், ‘அண்ணே, பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிச்சேன், நல்லா இருங்க’ என்றும் சொல்லலாம். வீட்டில் நிறைமாதக்காரி இருந்தால் அந்த எண்ணைக் குறித்தும் வைத்துக்கொள்ளலாம்.