எவ்வளவு தடுப்பது?

லெஃப்ளுனமைடு, மைக்கோஃபினோலேட், டாக்ரோலிமஸ், டோஃபாசிட்டினிப். டி செல்லின் ஏதோ ஒரு நொதியைத் தடுக்கும் இந்த நான்கையும் ஒரே நாள் புறநோயாளர் பிரிவில் எழுதிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். எந்த நொதி, எந்தச் சமிக்ஞைப் பாதை என்று கருத்தரங்குகளில் மணிக்கணக்காக விவாதிக்கிறோம். அந்த நொதியை எத்தனை பங்கு தடுக்கிறோம், ஒரு நாளில் எவ்வளவு நேரம் தடுக்கிறோம் என்ற கேள்வியோ மாத்திரை அட்டையில் அச்சிட்ட மில்லிகிராமோடு முடிந்துவிடுகிறது. நோயாளி பெறும் பலனையும் அதற்குக் கொடுக்கும் விலையையும் பெரிதும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்வியே என்பது எம் கருத்து.

மைக்கோஃபினோலேட் பிறந்த கதையிலேயே இதற்கான தடயம் இருக்கிறது. அடினோசின் டீஅமினேஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு லிம்போசைட்டுகளே தேறுவதில்லை. பியூரினை மறுசுழற்சி செய்யும் நொதி இல்லாத லெஷ்-நைஹன் குழந்தைக்கு மூளை பாதிக்கப்படுகிறது. லிம்போசைட்டுகள் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆன்டனி அலிசனும் எல்சி யூகியும், பெருகும் லிம்போசைட் பியூரினைப் புதிதாகத் தயாரித்தே பிழைக்கிறது என்று கணித்து, அந்தத் தயாரிப்பு வழியிலுள்ள ஐஎம்பி டீஹைட்ரோஜினேஸைக் குறிவைத்தார்கள். தூண்டப்பட்ட லிம்போசைட்டில் மிகுதியாகும் அந்நொதியின் இரண்டாம் வகையை மைக்கோஃபினாலிக் அமிலம் முதல் வகையைவிடச் சுமார் 5 மடங்கு வலுவாகத் தடுக்கிறது. லெஃப்ளுனமைடும் இதே தர்க்கத்தைப் பிரிமிடினில் பயன்படுத்துகிறது. உடலையே தாக்கும் டி செல் எது, காக்கும் டி செல் எது என்று இம்மருந்துகளுக்குத் தெரியாது. வேகமாகப் பெருகும் செல்லுக்குத் தேவை அதிகம், அதனால் முதலில் திணறுவது அதுதான். நமக்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவே. தடுப்பைக் கூட்டக் கூட்ட அந்த இடைவெளி சுருங்கும். வயிற்றுப்போக்காகவும் வெள்ளணுக் குறைவாகவும் அதை நாம் வாராவாரம் பார்க்கிறோம்.

ஜாக் தடுப்பான்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஜாக்-3 அறவே இல்லாத குழந்தை கடுமையான எதிர்ப்பாற்றல் குறைபாட்டோடு பிறக்கிறது. முடக்குவாதத்துக்கு நாம் தரும் டோஃபாசிட்டினிப்பின் இலக்குகளில் அதே ஜாக்-3 ஒன்று. மருந்தின் அரை ஆயுள் சுமார் 3 மணி நேரம் என்பதால், அடுத்த வேளைக்குள் நொதி பெருமளவு விடுபட்டுவிடுகிறது. 2022இல் வெளியான ஓரல் சர்வைலன்ஸ் ஆய்வை இங்கே எதிர்வாதமாகக் காட்டலாம். 50 வயதைக் கடந்த, குறைந்தது ஓர் இதயநோய் அபாயக் காரணியாவது உள்ள 4,362 பேரில், பெரும் இதய-ரத்தநாள நிகழ்வுகள் டோஃபாசிட்டினிப் பிரிவுகளில் 3.4 விழுக்காடு, டிஎன்எஃப் தடுப்பான் பிரிவில் 2.5 விழுக்காடு; 5 மி.கி. எடுத்தவர்களும் தப்பவில்லை. உண்மைதான், அளவைக் குறைத்தால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆய்வில் 10 மி.கி. பிரிவில் நுரையீரல் ரத்தக்கட்டும் மரணமும் கூடின. நோய்க் கட்டுப்பாடோ மூன்று பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றே. கூடுதல் தடுப்பால் விலை மட்டுமே ஏறியது.

டிக்-2 நொதியின் கதை நமக்கு மிக நெருக்கமானது. அதன் 1104ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் அலனின் அமைந்தவர்களுக்குப் பல தன்னெதிர்ப்பு நோய்கள் குறைவாக வருகின்றன. 2016இல் இதைக் காட்டிய ஆய்வு, பிரிட்டிஷ் உயிர்வங்கித் தரவில் இவர்களுக்குத் தொற்று கூடியதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. நொதியை ஓரளவு தணிப்பதற்கு இதைவிட நல்ல பரிந்துரை வேண்டுமா? 2018இல் மறுபக்கம் தெரிந்தது: பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்றவர்கள் காசநோய்க்கு எளிதில் ஆளாகிறார்கள், இன்டர்லூக்கின்-23 வழியாக இன்டர்ஃபெரான் காமா உருவாவது அவர்களிடம் குன்றுகிறது. காசநோய் அரிதான நாட்டின் தரவில் இந்த விலை கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். நொதியின் செயல்தளத்தை விட்டுவிட்டு ஒழுங்குபடுத்தும் பகுதியில் ஒட்டும் டியூக்ராவாசிட்டினிப், 2022இல் சொரியாசிஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது உடலில் பிறவி மாற்றத்தைப் போலவே நடந்துகொள்ளும் என்று கொள்வது அவசரம். ஆனாலும் மறைந்திருக்கும் காசநோயைப் பரிசோதிக்காமல் இவ்வகை மருந்தைத் தொடங்கக் கூடாது.

மென்மையாகத் தடுத்தால் நோய் அடங்காது, கடைசியில் ஸ்டீராய்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அனுபவமுள்ளோர் எழுப்பும் வலுவான ஆட்சேபம். லூபஸ் சிறுநீரக நோயில் நடந்த அரோரா ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. நாளொன்றுக்கு 2 கிராம் மைக்கோஃபினோலேட்டோடு கால்சிநியூரின் தடுப்பானான வோக்ளோஸ்போரினைச் சேர்த்தபோது 52ஆம் வாரத்தில் முழுச் சிறுநீரகப் பலன் 40.8 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. சேர்க்காத பிரிவில் 22.5. இரு பிரிவுகளிலும் ஸ்டீராய்டை 16ஆம் வாரத்துக்குள் 2.5 மி.கி.க்கு இறக்குவதே திட்டம். ஒரு நொதியின் கழுத்தை நெரிப்பதைவிட இரண்டை அளவோடு பிடிப்பது பலித்திருக்கிறது. கால்சிநியூரினைத் தடுத்தால் ஒழுங்குபடுத்தும் டி செல்லுக்கு வேண்டிய இன்டர்லூக்கின்-2உம் குறையுமே என்பார்கள். குறையும், அளவில் கவனம் வேண்டும் என்பதற்கு அது இன்னொரு காரணம்.

காலமும் அளவின் ஒரு பகுதிதான். லெஃப்ளுனமைடின் வினைபுரியும் வடிவம் சுமார் 2 வார அரை ஆயுளோடு உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். கருத்தரிக்க விரும்புபவருக்கோ கடுந்தொற்று கண்டவருக்கோ மாத்திரையை நிறுத்தினால் மட்டும் போதாது. கொலஸ்டிரமைன் 8 கிராம் வீதம் நாளுக்கு 3 வேளை, 11 நாட்கள் தர வேண்டியிருக்கிறது. இவ்விதழுக்கு ஆய்வுகளும் நோயாளி அறிக்கைகளும் அனுப்புவோரிடம் எங்கள் வேண்டுகோள் இது: மருந்தின் பெயரோடு நோயாளியின் எடை, சிறுநீரகச் செயல்பாடு, அளவை மாற்றிய தேதிகள், அளந்திருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு, மறைந்திருக்கும் காசநோய்ப் பரிசோதனை முடிவு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.