செத்த காலேஜில் ஒரு கச்சேரி

பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தை ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்.’ அந்த உயிர் காலேஜ், சென்ட்ரல் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, எங்கள் ஒரகடம் ரோடு ஆரம்பிக்கிற வண்டலூரில் திறப்பு விழா கண்டது 1985 ஜூலையில். அதே ஜூலை 19-ம் தேதி, வெள்ளிக்கிழமை, நியூயார்க்கின் செத்த காலேஜ் ஒன்றில் ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்தார்.

பெயர் ஸானி ராலின்ஸ். வாத்தியம் டெனர் ஸாக்ஸபோன். இடம், மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட்டின் சிற்பத் தோட்டம். அன்று ஊதியதை அப்படியே பதிவு செய்து ‘தி ஸோலோ ஆல்பம்’ என்று ரெகார்டு போட்டார்கள்.

ஸாக்ஸபோன் என்றதும் நமக்கு ‘டூயட்’ (1994) படமும், கன்னத்தை உப்பிக்கொண்டு நின்ற பிரபுவும்தான் ஞாபகம் வரும். நிஜமாக ஊதியவர், 2019-ல் மறைந்த கத்ரி கோபால்நாத். ராலின்ஸ் ஊதியது கர்நாடக சங்கீதம் அல்ல, ஜாஸ். பயப்படாதீர்கள். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே, அந்த நிமிஷம் தோன்றுகிறபடி வளர்த்துக்கொண்டே போவதுதான் ஜாஸ். நம்ம ஊர் கற்பனை ஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

வழக்கமாகப் பின்னால் டிரம்ஸ், பாஸ், பியானோ என்று ஒரு பட்டாளம் இருக்கும். இவருக்கு மூச்சு வாங்கினால் அவர்கள் சமாளிப்பார்கள், நாதஸ்வரத்துக்குத் தவில் மாதிரி. ராலின்ஸ் அன்று ஒருத்தரையும் கூட்டி வரவில்லை. ஒத்து ஊதக்கூட ஆளில்லை. வயசு 54. எதிரே ஜனங்கள். சுற்றிலும் சிற்பங்கள். (அந்தத் தோட்டத்துப் பிரபலங்களில் பிகாஸோ செய்த வெண்கல வெள்ளாடு ஒன்றும் உண்டு!) ரெகார்டில் 56 நிமிஷம், தனியாள்.

கேட்க எப்படி இருக்கும்? நிஜத்தைச் சொன்னால், முதல் தடவை கொஞ்சம் தலை சுற்றும். தெரிந்த பாட்டு ஒன்றின் துண்டைத் தொடுவார். ‘அட!’ என்று நிமிர்வதற்குள் விட்டுவிடுவார். மாடிப்படி ஏறி இறங்குகிற குழந்தை மாதிரி ஸ்வரங்களில் மேலும் கீழும் ஓடுவார். ‘இது கச்சேரியே இல்லை, வீட்டில் பண்ண வேண்டிய சாதகம்’ என்று அலுத்துக்கொண்ட விமர்சகர்கள் உண்டு. எனக்கு அந்த ரெகார்டில் பிடித்ததே அதுதான்.

காரணம் தெரிய 1959-க்குப் போக வேண்டும். அப்போது ராலின்ஸுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பெயர், புகழ், காசு எல்லாம் வந்தாச்சு. ‘நம்ம வாசிப்பு போதாது’ என்று தோன்றியது. கச்சேரிகளை நிறுத்திவிட்டார். நம்மில் யாராவது இன்கிரிமென்ட் வந்த மாசத்தில் இப்படி யோசிப்போமா, சொல்லுங்கள்.

வீட்டிலேயே பழகலாம் என்றால் பக்கத்து வீட்டில் கர்ப்பிணிப் பெண். தொந்தரவு கூடாது. ஸாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் கார், கீழே ஆற்றில் படகு. எவ்வளவு உரக்க ஊதினாலும் கம்ப்ளெய்ன்ட் கொடுக்க ஆள் கிடையாது. வெயில், குளிர் பார்க்காமல், சில நாள் பதினைந்து மணி நேரம்கூட. 1961 வரை இதே வேலை. திரும்பி வந்து 1962-ல் வெளியிட்ட ரெகார்டுக்குப் பெயரே ‘தி பிரிட்ஜ்.’

அந்தப் பத்தாண்டின் கடைசியில் பம்பாய் பவாயில் ஓர் ஆசிரமத்துக்கும் வந்து தங்கினார். கண்ணை மூடி உட்கார்ந்தால் மனசு நிற்கவே மாட்டேன் என்கிறது. ‘நீ ஸாக்ஸபோன் வாசிக்கிறாயே, அதுதான் உன் தியானம்’ என்கிற மாதிரி அங்கே பதில் கிடைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒரகடத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் உண்டு. டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரு கம்பெனியில் ட்ரெய்னி. அப்பா கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். அவர் போனபிறகு வாத்தியம் இவனிடம். ரூமில் ஆறு பேர், மூன்று ஷிப்ட். எந்த நேரம் பார்த்தாலும் யாராவது ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பான். கட்டிலுக்கு அடியில் கிளாரினெட்டும் தூங்கியது.

“வித்துடலாமான்னு பாக்குறேண்ணே. வாசிச்சு இனிமே என்ன ஆகப்போவுது?” என்றான் ஒருநாள். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லாதவன் கேட்கிற கேள்வி. லேசில் பதில் சொல்லிவிட முடியாது. பாலத்துக் கதையைச் சொன்னேன்.

“அவருக்குப் பாலம் கெடைச்சுது. இங்க பாலத்துல நின்னா கன்டெய்னர் லாரி தூக்கிட்டுப் போயிரும்ணே!”

நியாயம்தான். ஆனாலும் இப்போதெல்லாம் வார லீவில் ஏரிக்கரைக்குப் போகிறான். பிகாஸோ ஆட்டுக்குப் பதிலாக நாலு நிஜ எருமை. “பாதியில ஒண்ணும் எந்திரிச்சுப் போகலண்ணே” என்கிறான் பெருமையாக. ட்ரெய்னி வேலை இன்னும் ட்ரெய்னி வேலையாகத்தான் இருக்கிறது.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பாலத்தில் கழிந்த அந்த இரண்டு வருஷத்தை அப்போது யாராவது பேரேட்டில் ஏற்றியிருந்தால், வரவு கிட்டத்தட்ட பூஜ்யம், நஷ்டம் என்றுதான் எழுதியிருப்பார். கால் நூற்றாண்டு கழித்து, துணைக்கு ஒரு தாளம்கூட இல்லாமல் தோட்டத்தில் நின்றபோது, அவர் எடுத்துச் செலவழித்தது அந்த நஷ்டத்தைத்தான். இந்தப் பதிவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் வாத்தியார் சொல்லித்தரவில்லை.

ஓவர்டைம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம், கம்பெனிக்கும் செல்போனுக்கும் கொடுக்காமல், யாரும் கேட்காத இடமாகப் பார்த்து எதையாவது பழகுங்கள். பாட்டோ, படமோ, செஸ்ஸோ. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறவரை எந்த வாத்தியமும் செத்த காலேஜ் ஐட்டம்தான் ஸார். எடுத்து ஊதினால்தான் அது ‘லைவ்’!