ஆடி அமாவாசைக்கு அவங்களுக்கும் ஒரு விளக்கு



ஆடி அமாவாசை ஏற்பாட்டுக் கூட்டத்துல நான் ஒன்னு கேட்டேன். போர்ல இறந்த இந்தியச் சிப்பாய்களுக்கும் அன்னைக்கு நம்ம கோயில்ல ஒரு மோட்ச தீபம் ஏத்தலாமேன்னு. "அவங்க நமக்கு யாரு?"ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். அங்க நேரம் இல்ல, அதனால இங்க எழுதுறேன்.

1941 டிசம்பர் 8, சுங்கை பட்டாணி விமானத் தளத்துல ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்து ஜித்ராவில் சண்டை. 15ஆம் தேதிக்குள்ள குரூணும் போச்சு. எதிர்த்து நின்னது 11ஆவது இந்திய டிவிஷன். வெள்ளைக்காரப் படையோட பஞ்சாபிகள், சீக்கியர்கள், ஜாட்கள், கூர்க்காக்கள். டாங்கியையே அதுவரை கண்ணால பார்க்காத பையன்கள் அதுல நிறைய. மிஞ்சினவங்க மூடா ஆத்தைத் தாண்டிப் பின்வாங்கினாங்க. ஆமாங்க, நம்ம திகாம் பத்துக்குப் பக்கத்துல ஓடுற அதே ஆறுதான். பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போறவங்க தினமும் தாண்டுறீங்களே.

தைப்பிங் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போயிருக்கேன். ரோட்டுக்கு ஒரு பக்கம் கிறிஸ்துவர்கள், மறுபக்கம் முஸ்லிம், இந்து, சீக்கியர். 850க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே நினைவிடம். அதில் 500க்கும் மேல் யாருன்னே தெரியாதவங்க. கல்லு இருக்கு, பேரு இல்ல. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன். தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேரோட பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர். அவங்க பிள்ளைகள் யார் இங்க வந்து எள்ளும் தண்ணியும் விடப் போறாங்க?

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவங்கதானே"ன்னும் ஒரு பேச்சு வந்துச்சு. நம்ம தாத்தா பாட்டி பால்மரம் வெட்டினது மட்டும் யாருக்காகவாம்? அவங்களும் கடல் தாண்டி வந்தவங்க, இவங்களும் அப்படித்தான். சயாம் மரண ரயிலுக்குப் போன நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கும் பேர் போட்ட கல் கிடையாது. அவங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

தர்ப்பணத்துல கடைசியா, தாய் தகப்பன், உறவு, கோத்திரம்னு யாருமே இல்லாத ஆத்மாக்களுக்கும் ஒரு கை தண்ணி விடுறோம். குருக்கள் சொல்லச் சொல்ல நாமளும் சொல்றோம், அர்த்தம்தான் யோசிக்கிறதில்ல. முஸ்லிம், சீக்கியச் சிப்பாய்களுக்கு நம்ம சடங்கைத் திணிக்க வேண்டாம். ஒரு நிமிஷம் மௌனமா நின்னா போதும். மதுரை வீரனைக் கும்பிட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இது ஒன்னும் புதுசு இல்லையே.

ஜூலை 31 ஹரி பஹ்லவான், நம்ம நாட்டு வீரர்களோட நாள். அது எப்பவும் ஆடி மாசத்துலதான் வரும். அமாவாசைக்கு முடியாதுன்னா அன்னைக்குச் சாயங்கால பூஜையிலயாவது வைக்கலாம்.

நல்லெண்ணெயும் அகலும் என் செலவு. சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா, மாமா யாராவது உங்க குடும்பத்துல இருந்தா, பேரை எழுதி ஆபீஸ் கவுண்டர்ல கொடுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடதான் போறேன்.